இரண்டு லிட்டர் தண்ணீர்

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு ஜெயலக்ஷ்மியின் கம்ப்யூட்டர் நான்காவது முறையாகச் செத்தது.

திரையில் மணமகன் முகமது இஸ்மாயில் பாதிச் சிரிப்பில் நின்றிருந்தான். கீழே பச்சைக் கோடு அறுபத்திரண்டு சதவீதம் வரை ஊர்ந்து வந்திருந்தது. அடுத்த நொடி திரை கறுப்பு. விசிறிச் சத்தம் நின்றது. அறைக்குள் கீழ்த்தளத்துக் கூடைகள் உரசும் ஓசை மட்டும் மிச்சம்.

அவள் பதறவில்லை. நாலாவது தடவைக்கு யாரும் பதறுவதில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். பிராசசரின் தலையில் உட்கார்ந்து அதன் சூட்டை ஆற்றும் அலுமினியத் தகட்டு அடுக்கின் மேல், மாவு சலித்துக் கொட்டியதுபோல் வெள்ளைத் தூசு. சனிக்கிழமைதான் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தது. இரண்டே நாள்!

தூசு எங்கிருந்து வருகிறது என்று துப்புத் துலக்க வேண்டிய அவசியம் இல்லை. அவள் குடியிருப்பது மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடி. சுக்குக்குச் சுண்ணாம்பு பூசி, காயவைத்து, தரம் பிரித்துக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு புகை மேலே ஏறும். ஜன்னலைத் திறந்தால் தூசு. மூடினால் அடுப்பு. ஏசி வைக்கலாமென்றால் அந்தப் பழைய கட்டடத்து வயரிங் மின்விசிறிக்கும் டியூப் லைட்டுக்குமே முணுமுணுக்கும்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பெயர் போட்டு, பாட்டுச் சேர்த்து டிஸ்க்காக்கிக் கொடுப்பது அவள் தொழில். இந்தப் பக்கத்தில் அதற்கு மிக்ஸிங் என்று பெயர். வேலை முழுவதும் தோப்பும்படியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஷிபுவிடமிருந்து வருகிறது. அந்த ஷிபு ஞாயிற்றுக்கிழமை வந்து பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"ஜெயச்சேச்சி, ஒரு காரியம் பறயட்டே? முன்ன ரெண்டு கல்யாணமும் லேட்டு. இஸ்மாயிலுக்கு வியாழன் ராத்திரி ஃப்ளைட்டு. அன்னிக்கு வைகுந்நேரம் நாலு மணிக்கு டிஸ்க் என் கையில கிட்டணும். இல்லெங்கில் டேப்பெல்லாம் கலூர்க்காரன்கிட்ட போகும். அவன்கிட்ட ஏசி ரூமு உண்டு. பின்ன ஒரு பணியும் இங்கோட்டு வராது."

மிரட்டல் இல்லை, தகவல். அதனால்தான் கூடுதலாகச் சுட்டது. ஷிபுவின் டேப் வராவிட்டால் ஜெயலக்ஷ்மிக்குத் தொழில் இல்லை. மறுபடி அந்த மளிகைக்கடை பில் மேஜை, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. நான்கு வருஷமாய் அவள் தப்பித்து வைத்திருந்த மேஜை.

மத்தியானம் தம்பி தங்கதுரை சாப்பிட வந்தான். வயது இருபத்தொன்பது. தண்ணீர் சப்ளையில் வால்வ் ஆபரேட்டர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குக் குழாயில் நீர் வரும் என்பது அவன் கைத்திருப்பில் இருந்தது. உள்ளே நுழையும்போதே பிளீச்சிங் பவுடர் வாசனை அவனுக்கு முன்னால் வந்து நிற்கும். போன பிறகும் ஒரு மணி நேரம் போகாது.

"என்னக்கா, மறுபடி மண்டையைப் போட்டிச்சா?"

"நாலாந் தடவை. கையக் கழுவிட்டு வா, ஒண்ணு காட்டுறேன்."

அவள் காட்டியது இன்டர்நெட் கஃபேயில் அச்செடுத்து வந்த மூன்று தாள்கள். வெளிநாட்டில் எவனோ தன் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓட விட்டிருந்தான். பிராசசரின் தலையில் ஒரு செம்புக் கட்டி. அதற்குள் நுண்ணிய வாய்க்கால்கள். அதில் தண்ணீர் நுழைந்து சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே ஒரு ரேடியேட்டருக்குப் போய், ஆறி, திரும்பி வருகிறது.

தங்கதுரை தாளை ஒருமுறை பார்த்தான், அவளை ஒருமுறை பார்த்தான்.

"கரன்ட் ஓடுற பெட்டிக்குள்ள தண்ணியா? அளியன்கிட்ட சொன்னியா?"

"அவருகிட்ட சொன்னா இன்னொரு துண்டு போட்டு மூடுவாரு." அவள் கணவன் குழந்தைசாமி வெலிங்டன் தீவில் கிடங்குக் காவலாளி. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன் பங்களிப்பு அவ்வளவுதான். "கேளுடா. பெட்டிய டேப் போட்டு ஒட்டிடுவேன், தூசு உள்ளயே போகாது. பவர் சப்ளைக்கு மட்டும் பனியன் துணி கட்டிக் காத்து. ரேடியேட்டர் வெளிய, பின்வாசப்படியில, காயல் காத்துல. அதுல தூசு படிஞ்சா ஒரு வாளி தண்ணிய ஊத்திக் கழுவிடலாம். கம்ப்யூட்டரக் கழுவ முடியுமா?"

தங்கதுரை சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த மறுகணம் இடது கையால் பேனாவை எடுத்துவிட்டான்.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம் அவன் வரைந்த முதல் திட்டத்தில் மேலே ஒரு தொட்டி, நடுவில் கம்ப்யூட்டர், கீழே சாக்கடை. பெயர்களை எல்லாம் மலையாளத்தில் எழுதினான். தமிழில் அவனுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும்.

"இது என்னடா சாக்கடை?"

"போற தண்ணி எங்க போகும் பின்ன?"

"எங்கயும் போகாது. அதே தண்ணி திரும்பி வரணும்."

"அதே தண்ணியா?" அவன் முகம் கோணியது. "எத்தனை நாளைக்கு?"

"மாசக்கணக்கா."

"அய்யே! நின்ன தண்ணியில மூணாம் நாள் புழு வைக்கும்க்கா."

"நிக்கலடா, ஓடுது."

"சுத்திச் சுத்தி ஓடினா அது ஓட்டமா? செக்கு மாடு ஊர் சுத்துதுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

ஆனாலும் வரைந்தான். சாயாக்கடையில் பிஸ்கட் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பரணி. அதற்குள் மூழ்கி ஓடும் மீன்தொட்டி மோட்டார். அங்கிருந்து செம்புக் கட்டி. அங்கிருந்து பின்வாசல் ரேடியேட்டர். அங்கிருந்து மறுபடி பரணி. பரணியைத் தரையில் வைக்கவேண்டும் என்றாள் ஜெயலக்ஷ்மி. ஒழுகினாலும் பெட்டி தப்பும்.

"தரையில வெச்சா காத்து அடைச்சுக்கும்," என்றான் தங்கதுரை. இப்போது அவன் குரலில் இலாகா ஏறியிருந்தது. "லைன்ல எங்க உயரமோ அங்கதான் காத்து போய் உக்காரும். உயரத்துல வாய் தொறந்திருக்கணும். பரணிதான் எல்லாத்துக்கும் மேல. ஆனா பெட்டிக்கு நேர் மேல வேண்டா, பக்கத்துச் சுவத்துல."

அவன் சொன்னது சரி. அவள் தன் கோட்டை அடித்துவிட்டு அவன் கோட்டை வைத்துக்கொண்டாள். அவன் எழுந்து அளவு டேப்பால் பெட்டிக்கும் பின்வாசலுக்கும் நடுவே அளந்தான். ஒன்பதடி. போக ஒன்பது, வர ஒன்பது. அவள் முன்பே வாங்கி வைத்திருந்த மோட்டாரின் அட்டையில் ஒன்றேகால் மீட்டர் உயரம் வரை தள்ளும் என்று போட்டிருந்தது, போதும்.

"எந்தத் தண்ணிக்கா? பைப்பா, கிணறா?"

"ரெண்டும் இல்ல. பேட்டரி வாட்டர். உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"மருந்து?"

"என்ன மருந்து?"

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்," என்று அவன் மோர் ஊற்றிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை முழுதும் அலைச்சல். ரேடியேட்டர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. பழைய கார்களில் உள்ளே இருப்பவருக்குக் குளிர் காய ஹீட்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள்; அதற்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளையில் ஒரு ரேடியேட்டர். கொச்சியில் எவன் காரில் ஹீட்டர் போடுவான்? இருபது வருஷக் காரிலிருந்து கழற்றியும் கல்யாணப் பெண் மாதிரி பளபளத்தது. குழாய்க்குக் கொத்தனார்கள் தரைமட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற லெவல் டியூப், இருபது அடி. செம்புக் கட்டியைப் படகு எஞ்சின் ரிப்பேர் செய்யும் லேத்து அப்பு சேட்டன் கடைந்து கொடுத்தார். இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஏழு வாய்க்கால்கள். மேலே பித்தளை மூடி, நாலு ஸ்க்ரூ, நடுவில் ரப்பர் வளையம்.

"எந்த போட்டுக்கு இது?" என்று கேட்டார் அப்பு சேட்டன்.

"கம்ப்யூட்டருக்கு சேட்டா."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பைத்தியக்காரர்களிடம் கேள்வி கேட்டு நேரம் வீணாக்குகிறவர் இல்லை அவர்.

புதன்கிழமை காலை எல்லாவற்றையும் மாட்டி, இரண்டு லிட்டர் பேட்டரி வாட்டர் ஊற்றினாள். கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கவில்லை, மோட்டாருக்கு மட்டும். பெட்டிக்குள் மலையாளப் பத்திரிகைத் தாளை விரித்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் காட்டிக் கொடுத்துவிடும். ஒருநாள் முழுக்க ஓடி ஒழுகாமல் இருந்தால்தான் உயிர் கொடுப்பது என்று முடிவு. லெவல் டியூபில் காற்றுக் குமிழ்கள் வரிசையாக ஏறிப் பரணியில் வெடித்தன. அரை மணியில் குமிழ் நின்றது. பரணி மேலே இருந்ததால்தான் என்று ஒப்புக்கொண்டாள், மனசுக்குள் மட்டும்.

மாலை அவள் கீழே பால் வாங்கப் போயிருந்த நேரம் தங்கதுரை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். வாசனையே சொன்னது. தாள் காய்ந்தே இருந்தது.

வியாழன். காலை ஆறரை.

பக்கத் தகட்டை மாட்டி, இடுக்குகளையெல்லாம் பிரவுன் டேப்பால் ஒட்டி, சுவிட்சைப் போட்டாள். திரையின் மூலையில் வெப்பம் காட்டும் எண்: நாற்பத்திரண்டு. முன்பு சும்மா இருக்கும்போதே ஐம்பத்தெட்டு! வெட்டி ஒட்டிய படத்தை ஒரே வீடியோவாக்கும் வேலையைத் தொடங்கினாள். பச்சைக் கோடு நகர்ந்தது. எண் ஐம்பத்துநாலில் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே கூடைகள் கொட்டப்பட்டன, தூசு எழும்பியது, பெட்டி கண்டுகொள்ளவில்லை. ஐந்தேகால் மணி நேர வேலை. பதினொன்றே முக்காலுக்கு முடியும். ஷிபு வருவதற்குள் குளித்துப் புடவைகூட மாற்றலாம்.

ஏழரைக்கு எண் ஐம்பத்தொன்பது.

வெயில் ஏறியிருக்கும் என்று நினைத்தாள்.

எட்டு மணிக்கு அறுபத்தெட்டு. எட்டே காலுக்கு எழுபத்தாறு. பின்வாசலுக்கு ஓடி ரேடியேட்டரைத் தொட்டாள். சுட்டிருக்க வேண்டும். சில்லென்றிருந்தது.

சூடு ரேடியேட்டருக்கு வரவில்லையென்றால் தண்ணீர் வரவில்லை. பரணிக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து விழும் நீர் நேற்று கட்டைவிரல் கனத்துக்கு இருந்தது. இப்போது நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடுகிறது. குழாய் மடங்கவில்லை. அப்படியானால்?

எண்பத்தொன்று. கம்ப்யூட்டர் தானாகச் சாகும் முன் அவளே அணைத்தாள். முப்பத்திரண்டு சதவீதம் போயே போயிற்று, மறுபடி பூஜ்யத்திலிருந்துதான்.

செம்புக் கட்டியைக் கழற்றி நாலு ஸ்க்ரூவையும் திருகினாள். மூடி வந்தது. ஏழு வாய்க்கால்களிலும் வெள்ளைச் சேறு. பல்லிடுக்கில் சோறு மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. சுக்குச் சுண்ணாம்பா? காற்றுக்கு ஒரு துளை மட்டும் விட்டு மூடிய பரணிக்குள் இவ்வளவு எப்படி நுழையும்? மூக்கருகே கொண்டுபோனாள்.

அந்த வாசனை அவளுக்கு ஏழு வருஷப் பழக்கம்.

பக்கத்துக் கடை போனிலிருந்து தங்கதுரையின் பம்ப் ஹவுஸுக்கு அடித்தாள்.

"டேய், பரணிக்குள்ள என்ன போட்ட?"

"ஒரே ஒரு ஸ்பூன்க்கா."

"என்ன ஒரு ஸ்பூன்?"

"பிளீச்சிங். மருந்து போடாத தண்ணிய எப்படிக்கா விடுறது? ஏழு வருஷமா ஒரு தொட்டி நான் அப்படி விட்டதில்ல. மனசு கேக்கல."

"எடா மண்டா! அதைக் குடிக்கப் போறவன் யாருடா?"

"அடைச்சுகிட்டுதோ?"

"ஏழும் அடைச்சுடுச்சு. சுண்ணாம்பு."

அவன் உடனே பிடித்துக்கொண்டான். அவன் தொட்டிகளில் பவுடரைக் கரைத்து, கசடு அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுவான். இங்கே நேராகக் கொட்டி, மோட்டார் கசடையெல்லாம் அள்ளி இரண்டு மில்லிமீட்டர் வாய்க்காலுக்குள் திணித்திருக்கிறது.

"விநாகிரி இருக்கு வீட்டுல. ஊத்தினா சுண்ணாம்பு கரையும். ஊத்திடுறேன்," என்றாள். வினிகருக்கு இந்தப் பக்கத்தில் விநாகிரி என்று பெயர்.

"அக்கா, வேண்டா! தொடாத!" அவன் குரல் முதல்முறையாகக் கத்தியது. "பிளீச்சிங் மேல விநாகிரி ஊத்தினா கேஸ் கிளம்பும். நெஞ்சடைச்சிரும். முதல்ல வெறும் தண்ணியில பத்துத் தரம் அலசு. எல்லாத்தையும். நான் வந்த பிறகு விநாகிரி. வெளிய வெச்சுதான். இப்ப வரேன்."

சைக்கிளில் இருபது நிமிஷத்தில் வந்தான். கேரியரில் பேட்டரிக் கடைக் கேன் ஒன்று கட்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் நேரே பின்வாசலுக்குப் போய்விட்டான்.

ரேடியேட்டர், குழாய், மோட்டார், கட்டி எல்லாம் படியில் பரப்பப்பட்டன. வாளி வாளியாக அலசினார்கள். ஒவ்வொரு வாளிக்கும் அவன் முகர்ந்து பார்த்து, "இன்னும் உண்டு" என்றான். பதினோராவது வாளிக்குத் தலையாட்டினான். பிறகு மீனுக்கு வைத்திருந்த விநாகிரியைக் கட்டியில் ஊற்றினான். புசுபுசுவென்று நுரைத்தது. பழைய டூத் பிரஷால் வாய்க்கால் வாய்க்காலாக அவள் தேய்த்தாள். செம்பு மெதுவாகத் தன் நிறத்துக்கு வந்தது.

"திட்டிடுக்கா," என்றான் அவன் நடுவில்.

"கை வேலையா இருக்கு. அப்புறம்."

மறுபடி அலசி, மாட்டி, புதுத் தண்ணீர் நிரப்பிக் காற்று போக விட்டபோது மணி பத்தே முக்கால். கணக்குப் போட்டாள். ஐந்தேகால் மணி நேரம் என்றால் சரியாக நான்கு. அதன் பிறகு டிஸ்க்கில் எழுத இருபது நிமிஷம். இன்னொரு ஒழுகல் சோதனைக்கு நேரம் ஏது? பெட்டியை ஒட்டாமல், தகட்டைத் திறந்தே வைத்து, தங்கதுரையை டார்ச்சோடு முன்னால் உட்கார வைத்தாள்.

"சொட்டு தெரிஞ்சா கூப்பிடாத. பிளக்கப் பிடுங்கு."

"தூசு?"

"ஒருநாள் தூசு தாங்கும். தண்ணிதான் தாங்காது."

அவன் அசையவில்லை. லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். மத்தியானச் சோறும் டார்ச் வெளிச்சத்தில்தான். எண் ஐம்பத்தைந்தில் நின்றது. ஒரு மணிக்கு ஐம்பத்தேழு. இரண்டரைக்கும் ஐம்பத்தேழு.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஷிபு வந்தான். கீழே ஆட்டோ அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தவன் சுவரில் தொங்கிய பரணியை, அதிலிருந்து இறங்கும் குழாய்களை, டார்ச்சோடு குந்தியிருந்த ஆளைப் பார்த்தான்.

"எந்தாது? ஆசுபத்திரியோ?"

"இருங்க ஷிபு. தொண்ணூத்தெட்டு."

"சேச்சி, நாலுன்னா நாலு. ஞான் டேப் கொண்டுபோக வந்நதா. கலூர்ல அவன் ராத்திரி முழுக்க இருந்து செய்து, கூரியர்ல துபாய்க்கு விடும். டேப் எவிட?"

மேஜை மேல் ஏழு டேப்புகளும் ஒரு கவரில் இருந்தன. அவள் எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

"கொண்டு போங்க. ஆனா இருபது நிமிஷம் நின்னா டிஸ்க்கையும் கொண்டு போகலாம். இஸ்மாயில் வீட்டுலேருந்து கிளம்ப ஆறு மணி ஆகும். இங்கேருந்து அவன் வீடு ஆட்டோல பத்து நிமிஷம்."

ஷிபு கவரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். கலூருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பது அவனுக்கும் தெரியும். ஜன்னல் வழியே கத்தினான்: "எடோ, வண்டி ஓஃப் செய்யி!"

பச்சைக் கோடு நூறைத் தொட்டது. டிஸ்க் உள்ளே போனது. தங்கதுரையின் டார்ச் மஞ்சளாகிவிட்டது. ஆனாலும் அவன் திருப்பவில்லை. டிஸ்க் தட்டு வெளியே நீண்டபோது நாலு இருபத்திரண்டு.

ஷிபு அதை டிவி பிளேயரில் போட்டுத் தொடக்கம் பார்த்தான், நடுவே தாவினான், கடைசிக்குப் போனான். இஸ்மாயில் முழுச் சிரிப்பும் சிரித்து முடித்தான்.

"நாலும் இருபத்திரண்டும்," என்றான் ஷிபு.

"இன்னிக்கு இருபத்திரண்டு. அடுத்த தடவை அதுவும் இருக்காது. முன்ன ரெண்டும் எத்தனை நாள் லேட்டுன்னு நினைச்சுப் பாருங்க."

"அது மூணு நாளு." அவன் குனிந்து திரை மூலையில் எண்ணைப் பார்த்தான். வேலை முடிந்ததும் அது நாற்பத்துநாலுக்கு இறங்கியிருந்தது. பெட்டியின் மேல் கையை வைத்தான், எடுக்கவில்லை. "சூடே இல்லல்லோ!"

"இல்ல."

"மழை வந்நா?"

"மழை வந்தா இன்னும் நல்லது. ரேடியேட்டர் வெளியதான் இருக்கு."

அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்தான். வேண்டாம் என்று முடிவு செய்தான். டிஸ்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவு வரை போனவன், திரும்பி வந்து தோள்பையைத் திறந்தான். அதில் இன்னொரு கவர்.

"பள்ளுருத்தியில ஒரு கல்யாணம். அஞ்சு டேப்பு. இதையும் கலூர்ல கொடுக்க வெச்சிருந்ததா." மேஜை மேல் வைத்தான். "அடுத்த புதன். நாலு மணி."

"மூணு மணிக்கே வாங்க," என்றாள் ஜெயலக்ஷ்மி.

ஆட்டோ போகும் சத்தம் அடங்கிய பிறகு தங்கதுரை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கால் மரத்துப் போயிருந்தது.

"இப்ப திட்டலாம்க்கா."

"உக்காரு. சாயா போடுறேன்."

"திட்டு வேற, சாயா வேறயா?"

"சாயா முதல்ல."

அவள் அடுப்படிக்குப் போகும் வழியில் நின்றாள். திரும்பி வந்து பள்ளுருத்திக் கவரைப் பிரித்து, முதல் டேப்பைக் கேமராவில் போட்டு, கம்ப்யூட்டருக்குள் ஏற்ற ஆரம்பித்துவிட்டுப் போனாள். திரையில் யாரோ ஒரு மணப்பெண்ணுக்கு யாரோ மூவர் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே கூடை கொட்டும் சத்தம் கேட்டது. தங்கதுரை பக்கத் தகட்டைத் தூக்கி மாட்டி, பிரவுன் டேப்பின் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.